இன்னர் லைன் பெர்மிட் பழங்குடிகளுக்காகவா வந்தது?

குறிஞ்சிச்செல்வி:
ஆங்கிலேயர் மலைமக்கள்மீது கொண்ட கருணையால்தான் 1873இல் இன்னர் லைன், அதாவது வடகிழக்கின் மலைப்பகுதிகளுக்குள் வெளியார் அனுமதிச்சீட்டு (பெர்மிட்) இல்லாமல் நுழையக் கூடாது என்ற எல்லைக்கோடு, பிறந்தது என்று வேங்கடவன் நேற்று எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை. அந்தக் கோட்டுக்கு வழிசெய்த சட்டமான வங்காளக் கிழக்கு எல்லைப்புற ஒழுங்குமுறையை அவர் ஒருமுறையேனும் புரட்டியிருந்தால், அதை மீறித் தண்டிக்கப்படுபவரிடம் உள்ள ரப்பர், மெழுகு, யானைத்தந்தம் ஆகியவற்றை அரசு பறிமுதல் செய்யலாம் என்ற பிரிவைக் கண்டிருப்பார். மக்களைக் காக்க வந்த சட்டத்துக்கு ரப்பரில் ஏன் இத்தனை அக்கறை?

வேங்கடவன்:
அதே ஒழுங்குமுறையின் 7ஆம் பிரிவை ஏன் விட்டுவிட்டீர்கள், அம்மையீர்? கோட்டுக்கு அப்பால் வெளியார் நிலத்தில் உரிமை பெறுவதற்கு அரசின் ஒப்புதல் வேண்டும் என்று அது சொல்கிறது. தேயிலைத் தோட்டக்காரர்களின் கை அதற்குமேல் நீளவில்லை.

குறிஞ்சிச்செல்வி:
நீண்ட பிறகுதானே தடுத்தார்கள்! இன்றைய அசாமின் காச்சாரில் தேயிலைத் தோட்டங்கள் லுஷாய் மக்களின் (இன்றைய மிசோக்களின்) வேட்டைக்காடுகளை விழுங்கிக்கொண்டே போனதால், 1871இல் அவர்கள் அலெக்சாந்திராபூர் தோட்டத்தைத் தாக்கி, தேயிலைத் தோட்டக்காரர் ஜேம்ஸ் வின்செஸ்டரைக் கொன்று, அவருடைய சிறுமகள் மேரியைக் கொண்டுசென்றார்கள். அதற்காகப் படை அனுப்பிச் செலவழித்த அரசு, மறுபடியும் அப்படிச் செலவழிக்க விரும்பாமல் கோடு கிழித்தது. 1889–90இல் லுஷாய் மலையை (இன்றைய மிசோரத்தை) கைப்பற்றப் படை நடத்தியதும் அதே அரசுதான். ரப்பர் பற்றி வேங்கடவன் இன்னும் வாய் திறக்கவில்லை.

பொதுநோக்கன்:
நோக்கத்தை விடுங்கள், விளைவைப் பாருங்கள். கோடு இருந்த மிசோரத்தில் 2011 கணக்கெடுப்பின்படி பழங்குடியினர் 94.4 விழுக்காடு, மன்னராட்சியின் கீழ் இருந்ததால் கோடு இல்லாத திரிபுராவில் 31.8 விழுக்காடு.

குறிஞ்சிச்செல்வி:
திரிபுராவின் கணக்கை மாற்றியது நாட்டுப் பிரிவினையும் கிழக்கு வங்காளத்திலிருந்து வந்த அகதிகளும்தான். உயிர் தப்பி ஓடிவருபவர்களை எந்த பெர்மிட் நிறுத்தும்? மேலும், என் கேள்வி ரப்பரைப் பற்றியது.

வேங்கடவன்:
அந்தமான் விவாதத்திலும் நீங்கள் இப்படித்தான் ஒரே பிரிவைப் பிடித்துக்கொண்டு மற்றவர்களைப் பேசவிடவில்லை. நான் மறக்கவில்லை.

எல்லையூரான்:
கோட்டைப் போற்றுபவர்கள் மணிப்பூரில் மியான்மர் எல்லையை ஒட்டிய மோரேயில் வாழும் தமிழர்களையும் நினைக்க வேண்டும். 1960களில் பர்மாவை விட்டு வெளியேறி அங்கே குடியேறியவர்கள் அவர்கள். 2019 டிசம்பரில் மணிப்பூருக்கும் இன்னர் லைன் நீட்டிக்கப்பட்டது. 2022இல் மாநில அமைச்சரவை, மண்ணின் மக்கள் யார் என்பதை முடிவுசெய்ய 1961ஐ அடிப்படை ஆண்டாக ஏற்றது. அதற்குப் பின் வந்த குடும்பங்களின் நிலை என்ன?

பொதுநோக்கன்:
தமிழர் என்றவுடன் பழங்குடிகளின் அச்சம் சிறிதாகிவிடுமா? அவர்கள் நிலம் அவர்களுடையது.

எல்லையூரான்:
சிறிதாகும் என்று நான் எழுதவில்லை. அங்கேயே பிறந்து வளர்ந்த பேரப்பிள்ளைகளைப் பற்றித்தான் கேட்டேன்.

குறிஞ்சிச்செல்வி:
மணிப்பூரில் இந்தக் கோரிக்கையை எழுப்பிப் போராடியவர்கள் அங்குள்ள மக்கள். மேகாலயச் சட்டமன்றமும் 2019இல் அதையே கேட்டுத் தீர்மானம் நிறைவேற்றியது. இன்றைய பாதுகாப்பு அவர்கள் கேட்டுப் பெறுவது. அந்தப் பெருமையை 1873இன் அதிகாரிகளுக்குத் தூக்கிக் கொடுப்பதைத்தான் நான் எதிர்க்கிறேன். வேங்கடவன், ரப்பருக்குப் பதில்?

வேங்கடவன்:
முதலில் 7ஆம் பிரிவுக்கு நீங்கள் பதில் சொல்லுங்கள்.