அப்டேட்: பாதியில மாட்டிக்கிட்ட அந்த தேக்கு ஷெல்ஃப்

போன வாரம் கேட்டிருந்தேன்ல, ரவுட்டர்ல (மரத்தை வெட்டி பள்ளம் எடுக்குற மெஷின்) ஸ்லைடிங் டவ்டெயில் போட்டா, அதாவது ஷெல்ஃப் முனையில புறா வால் மாதிரி விரிஞ்ச ஒரு வால் வெட்டி, அதே வடிவ காடிக்குள்ள (பள்ளத்துக்குள்ள) தள்ளி மாட்டுற இணைப்பு, ஷெல்ஃப் பலகை ஓரத்துல லொடலொடன்னு இருக்கு, நடுவுல போய் இறுகி நின்னுடுதுன்னு. பிட் (மெஷின்ல மாட்டுற வெட்டுமுனை) மொக்கைன்னு நெனச்சு புதுசு வாங்கினது தண்டம், கோளாறு பலகையிலதான். ஸ்கேலை குறுக்க வெச்சு பாத்தா நடுவுல வெளிச்சம் தெரியுது, வளைஞ்ச பலகையை ஃபென்ஸ்ல (பலகையை அணைச்சு ஓட்டுற நேர் தடுப்பு) நிக்க வெச்சு ஓட்டினா வால் எப்படி ஒரே தடிமனா வரும்?

ரெண்டு பக்கமும் இழைச்சு சமமாக்கிட்டு மொதல்ல காடி போட்டேன். டவ்டெயில் பிட் முழு ஆழத்துக்கும் ஒரே ஓட்டத்துல போயாகணும், அதனால முன்னாடியே 6 மில்லி நேர் பிட்ல நடு மரத்தை எடுத்துட்டா அதுக்கு பாரம் கம்மி. வாலுக்கும் அதே பிட்தான், உயரம் மட்டும் மயிரிழை கொறச்சேன், இல்லனா அடியில முட்டும். அப்புறம் ஃபென்ஸை 0.1 மில்லி நகர்த்தினா ரெண்டு பக்கமும் வெட்டுறதால வால்ல 0.2 போயிடுது, இது என் மண்டையில ஏறவே நாலு வேஸ்ட் துண்டு காலி.

இப்போ கையால தள்ளினா முக்கால்வாசி போகுது, மிச்சத்துக்கு கொட்டாப்புளியில ரெண்டு தட்டு. பசை கடைசி 2 இஞ்ச்ல மட்டும்தான் வெச்சேன், முழுசா தடவினா மரம் ஊறி பாதி வழியிலயே புடிச்சுக்கும்.

இன்னும் மூணு ஷெல்ஃப் பாக்கி.