மரச்சீனிக் கிழங்கைக் குக்கரில் வேகவைக்கலாமா? ஒரு முனை மட்டும் கசக்கிறது

கேள்வி: வெண்ணாற்றங்கரை

வணக்கம். நான் தஞ்சாவூர்ப் பக்கம். வேலை மாற்றலாகிக் கன்னியாகுமரி மாவட்டம் தக்கலையில் தனியாகக் குடியிருக்கிறேன். இங்கே மரச்சீனி என்பதுதான் எங்கள் ஊர் மரவள்ளிக் கிழங்கு. எங்கள் ஊரில் அது என்றால் சாயங்காலம் தள்ளுவண்டியில் ஆவி பறக்க விற்கும் தின்பண்டம், இல்லாவிட்டால் சிப்ஸ். தட்டில் சோறு இருக்கவேண்டிய இடத்தில் அது வந்து உட்காரும் என்று நான் நினைத்ததே இல்லை. இங்கே சட்டமாக உட்கார்ந்திருக்கிறது. அலுவலகத்தில் யாரைக் கேட்டாலும் நேற்று இரவு வீட்டில் கிழங்கும் மீனும்தான். அதைச் சொல்லும்போது அவர்கள் முகத்தில் வரும் திருப்தியைப் பார்த்தால் நெல் விளையும் மண்ணில் பிறந்த எனக்கே கொஞ்சம் பொறாமையாக இருக்கிறது.

மாடியில் இருக்கும் வீட்டுக்காரப் பாட்டி தோட்டத்தில் பிடுங்கியதில் இரண்டு கிழங்கு கொடுத்தார். "தோலைக் களைந்து அவித்து, தண்ணீரைக் கொட்டிவிடு" என்றார். அவ்வளவுதான் செய்முறை. எவ்வளவு தண்ணீர், எவ்வளவு நேரம், எதற்காகக் கொட்டவேண்டும், ஒன்றும் இல்லை. படியேறிப் போய்க் கேட்டால் என்னையே சாப்பிட உட்காரவைத்துவிடுவார். பிறகு நான் சமையல் பழகுவது எப்போது?

எனக்குக் கைவந்த வழி குக்கர். தோலைச் சீவி, துண்டு போட்டு, கொஞ்சம் தண்ணீர், உப்பு, மஞ்சள் சேர்த்து நான்கு விசில் விட்டேன். தண்ணீர் அதிலேயே வற்றிவிட்டதால் கொட்டுவதற்கு எதுவும் இல்லை. நடுப்பகுதி மாவாக, நன்றாகவே இருந்தது. செடியோடு ஒட்டியிருந்த பக்கத்து முனை மட்டும் நல்ல கசப்பு. துப்பிவிட்டேன். இன்னொரு கிழங்கை இன்று வெட்டினால் உள்ளே வெள்ளைச் சதையில் நீலமும் கறுப்புமாகக் கோடுகள். இதைச் சமைக்கலாமா? இணையத்தில் தேடினால் ஒருவர் சயனைடு என்கிறார், இன்னொருவர் ஒன்றும் ஆகாது என்கிறார். ஒன்றும் ஆகாது என்றவர் அதற்குப் பிறகு எதுவும் எழுதியதாகக் காணோம்.

மீன் விஷயமும் உண்டு. நான் விராலும் கெண்டையும் தின்று வளர்ந்தவன். சாளையைக் கண்டால் முள்ளும் வாசனையும் மிரட்டுகின்றன. மீன் இல்லாமல் கிழங்குக்கு எதைத் தொட்டுக்கொள்வது? அப்படியே இந்தக் குண்டுச் சிவப்பு மட்டை அரிசியையும் யாராவது எனக்கு விளக்குங்கள். பொன்னி வெந்து, வடிந்து, ஆறிப்போகும் நேரத்தில் இது இன்னும் முறைத்துக்கொண்டே கிடக்கிறது.

பதில்: கல்குளத்துக்காரி

தம்பி, முதலில் அந்தக் கோடு போட்ட கிழங்கைத் தூக்கி எறியுங்கள். அது பழசாகிவிட்டது. மரச்சீனி மண்ணைவிட்டு வெளியே வந்தால் இரண்டு மூன்று நாளில் உள்ளே கறுக்கத் தொடங்கிவிடும். கோடு விழுந்தது எவ்வளவு வேகவைத்தாலும் ருசிக்காது, சில இடம் கட்டையாகவே நிற்கும். எங்கள் வீட்டில் காலையில் பிடுங்கினால் மத்தியானம் அடுப்பில் ஏறிவிடும். சந்தையில் வாங்குவதானால் நுனியைக் கொஞ்சம் ஒடித்துக் காட்டச் சொல்லுங்கள். வெள்ளை வெளேரென்று இருந்தால் எடுங்கள், கோடு தெரிந்தால் நகருங்கள். கடைக்காரர் முகம் கோணினால் கோணட்டும்.

அடுத்தது தோல். சீவினேன் என்று எழுதியிருக்கிறீர்கள். மரச்சீனியைச் சீவக்கூடாது, உரிக்கவேண்டும். மேலே இருக்கும் பழுப்புத் தோல் காகித கனம்தான். அதற்குக் கீழே வெள்ளையாகவோ இளஞ்சிவப்பாகவோ தடித்த இன்னொரு தோல் இருக்கிறது. தோல்சீவி மேல்தோலோடு நின்றுவிடும், உள்தோல் கிழங்கிலேயே தங்கிவிடும். கத்தியால் நீளவாக்கில் ஒரு கீறல் போட்டு, முனையை உள்ளே நுழைத்து நெம்பினால் இரண்டு தோலும் சேர்ந்து கழன்று வரும். புதுக் கிழங்கில் இது ஒரு நிமிட வேலை. இரண்டு முனையையும் தாராளமாக வெட்டி எறியுங்கள். அங்கே கஞ்சத்தனம் வேண்டாம். நடுவில் ஓடும் நாரையும் உருவிவிடுங்கள்.

சிறு துண்டுகளாக்கி, கலங்கல் போகும்வரை கழுவி, பெரிய பாத்திரத்தில் பச்சைத் தண்ணீரில் போடுங்கள். கிழங்கு மூழ்கி, அதற்கு மேலும் நான்கு விரல் தண்ணீர் நிற்கவேண்டும். மூடாதீர்கள். கொதி வந்து கால்மணி, இருபது நிமிடத்தில் நல்ல கிழங்கு வெடித்துவிடும். உப்பை வடிப்பதற்குச் சற்று முன்புதான் போடவேண்டும். பிறகு தண்ணீர் முழுவதையும் கொட்டுங்கள். கசப்புக் கிழங்கோ என்று சந்தேகம் வந்தால் பாதி வேக்காட்டில் ஒருமுறை வடித்து, வேறு தண்ணீர் ஊற்றி வேகவையுங்கள்.

வடித்த கையோடு, சூடாக இருக்கும்போதே, தேங்காய், சீரகம், இரண்டு பல் பூண்டு, பச்சை மிளகாய், மஞ்சள் எல்லாவற்றையும் கொரகொரவென்று அரைத்துப் போட்டு, கறிவேப்பிலை கிள்ளி, அகப்பையால் மசித்துக் கிளறுங்கள். மேலே ஒரு கரண்டி தேங்காய் எண்ணெய். உங்கள் ஊர் நல்லெண்ணெயை இதில் ஊற்றாதீர்கள், தயவுசெய்து.

மீன் வேண்டாம் என்றால் காந்தாரி மிளகாய், சின்ன உள்ளி (சின்ன வெங்காயம்), உப்பு, ஒரு துளி புளி, நான்கையும் இடித்து, காய்ச்சாத தேங்காய் எண்ணெயில் குழைத்துத் தொட்டுக்கொள்ளுங்கள். கண்ணில் தண்ணீர் வரும், கை நிற்காது. ஆனால் மீனை அடியோடு விடாதீர்கள். சாளைக்குப் பயமாக இருந்தால் நெத்திலியில் தொடங்குங்கள். தலையைக் கிள்ளி எறிந்தால் போதும், முள் வாயில் தெரியாது. தேங்காய் அரைத்து, மாங்காய்த் துண்டு போட்டு மண்சட்டியில் நெத்திலி அவியல் வையுங்கள். சாளை தானாகப் பின்னால் வரும்.

பதில்: எட்டு மணி பஸ்

இவ்வளவு பயமுறுத்தவேண்டுமா? நாகர்கோவிலில் பிறந்தவள்தான் நானும். காலையில் எட்டு மணி பஸ்ஸைப் பிடிக்கவேண்டியவள் திறந்த பாத்திரத்தின் முன்னால் நின்றுகொண்டிருக்க முடியாது. கல்யாணமான நாளிலிருந்து குக்கர்தான், இரண்டு விசில்தான். பிள்ளைகளும் அதைத்தான் தின்று வளர்ந்தார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

பதில்: ஓய்வுபெற்ற வாத்தியார்

எட்டு மணி பஸ் அம்மாவுக்கு: உங்கள் வீட்டில் யாருக்கும் ஒன்றும் ஆகாததற்குக் காரணம் குக்கர் அல்ல, உங்கள் ஊர்க் கிழங்கு. நம் மாவட்டத்தில் வீட்டுக்கென்று நடுவது பெரும்பாலும் நஞ்சு குறைந்த ரகம். கிலோவுக்கு 50 மில்லிகிராமுக்குக் குறைவாக சயனைடு தரும் கிழங்கைத்தான் சர்வதேச உணவுத் தர விதிகள் இனிப்பு வகை என்கின்றன. அதைக் குக்கரில் வைத்தாலும் நல்ல உடம்பு தாங்கிக்கொள்ளும். ஆனால் செடி வறட்சியில் வாடினால் அதே ரகத்திலும் நஞ்சு ஏறும். வெட்டிப் பார்த்து அதைக் கண்டுபிடிக்க முடியாது.

நடப்பது இதுதான். கிழங்கின் செல்லுக்குள் லினமாரின் என்ற பொருள் ஓர் அறையில் இருக்கிறது. அதை உடைக்கும் நொதி வேறோர் இடத்தில் இருக்கிறது. வெட்டும்போதும் மெல்லும்போதும் இரண்டும் கலந்து ஹைட்ரஜன் சயனைடு பிறக்கிறது. அது 26 டிகிரி செல்சியஸ் அளவிலேயே கொதித்து ஆவியாகிவிடும். திறந்த பாத்திரம் எதற்கென்று இப்போது தெரிகிறதா? தம்பி, பாட்டி தண்ணீரைக் கொட்டச் சொன்னதற்கும் காரணம் உண்டு. உடையாமல் மிஞ்சும் லினமாரின் தண்ணீரில் கரையும், தண்ணீரோடு வெளியேறும். பெரிய துண்டுகளைக் கொதிக்கும் நீரில் போட்டால் நொதி சட்டென்று செத்துவிடும், லினமாரின் பெருமளவு உள்ளேயே தங்கிவிடும். அதனால்தான் சிறு துண்டு, பச்சைத் தண்ணீர். நீங்கள் கொஞ்சம் தண்ணீர் விட்டு, மூடி போட்டு, வற்றவும் விட்டீர்கள். கரைந்த லினமாரின் வேறெங்கே போகும்? கிழங்கிலேயே ஊறிவிட்டது. செடிப்பக்கத்து முனையில் அது வாலைவிட அதிகமாக இருப்பது வழக்கம், தோலில் இன்னும் அதிகம். உங்கள் நாக்கு சரியாகவே சொல்லியிருக்கிறது. கசந்தால் துப்பவேண்டும். மரியாதைக்காக விழுங்கக்கூடாது.

எட்டு மணி பஸ் அம்மா குக்கரை விடவேண்டாம். சிறு துண்டாக்கித் திறந்தபடி ஒரு கொதி விட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் விசில் விடட்டும். பஸ் போய்விடாது.

மீனைப் பற்றியும் ஒரு வார்த்தை. நூறு கிராம் கிழங்கில் புரதம் ஒரு கிராமைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். உடம்புக்குள் வரும் சொற்ப சயனைடைச் செயலிழக்கச் செய்யக் கந்தகம் வேண்டும். அது புரதத்திலிருந்துதான் கிடைக்கவேண்டும். கிழங்கோடு மீனைச் சேர்த்தவர்கள் வேதியியல் படிக்கவில்லை. சாளை மலிவாகக் கிடைத்தது, சேர்த்தார்கள். கணக்கு சரியாக வந்துவிட்டது. மீன் இல்லாத நாளில் முட்டையோ, பயறோ, காணமோ (கொள்ளு) கூட இருக்கட்டும்.

நெல் விளையும் மண் என்று எழுதியிருந்தீர்கள். நாங்களும் சோற்றை வெறுத்துக் கிழங்குக்குப் போனவர்கள் அல்லர். 1956 வரை இந்த மாவட்டம் திருவிதாங்கூரோடு இருந்தது. அங்கே 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மன்னர் இந்தப் பயிரைப் பரப்ப முனைந்தார். 1942இல் பர்மா ஜப்பானியர் கைக்குப் போய் அங்கிருந்து வந்துகொண்டிருந்த அரிசி நின்றபோது, சமஸ்தானத்தில் ஏழைகளின் வயிற்றை நிரப்பியது இதுதான். என் அம்மா பானையில் கிழங்கு இருந்தால் போதும் என்றுதான் கடைசிவரை பேசினார். ருசி பிறகு ஒட்டிக்கொண்டது.

பதில்: பனங்கூடல்

வாத்தியார் ஐயாவுக்கு வணக்கம். நான் யாழ்ப்பாணம். எங்கள் வீட்டில் மரவள்ளிக் கிழங்கு சமைத்தால் அன்றைக்கு இஞ்சிக்கு அடுக்களையில் இடமில்லை. இஞ்சி போட்ட தேநீர்கூடக் கிடைக்காது. அம்மம்மா உயிரோடு இருந்தவரை அதில் விட்டுக்கொடுத்ததில்லை. இதில் ஏதும் உண்மை இருக்கிறதா?

வெண்ணாற்றங்கரைக்கு: மீன் பழகவேண்டுமென்றால் காய்ந்த பனங்கிழங்கு மாவில் காய்ச்சும் எங்கள் ஒடியற்கூழையும் ஒருநாள் குடித்துப் பாருங்கள். மீன், நண்டு, இறால், பயற்றங்காய், பலாக்கொட்டை எல்லாவற்றோடும் மரவள்ளித் துண்டும் அதில் வேகும். எது மீன், எது கிழங்கு என்று யோசிக்கும் முன்பே கோப்பை காலியாகிவிடும்.

பதில்: ஓய்வுபெற்ற வாத்தியார்

இந்த விலக்கு எங்கள் பக்கமும் உண்டு, அம்மா. நன்றாக வேகவைத்து வடித்த கிழங்கில் இஞ்சி வந்து கெடுப்பதற்கு எதுவும் மிச்சமிருக்காது என்பது என் எண்ணம். இருந்தாலும் என் வீட்டில் கிழங்கு நாளில் சுக்குக் காப்பி கிடைக்காது. நானும் கேட்பதில்லை.

பதில்: ஆத்தூர் வயல்

நாங்கள் கிழங்கு போடுவது ஜவ்வரிசி ஆலைக்கு. எச்-226 எங்கள் பக்கம் பேர்போன ரகம். திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்தில் இருக்கும் கிழங்கு ஆராய்ச்சி நிலையம் 1971இல் வெளியிட்டது. மாவுக்கும் மகசூலுக்கும் அது நல்லது. மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு போய்த் தழையைத் தின்றுவிட்டால் என்ன ஆகும் என்று எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். தம்பி, வெளியூரில் வாங்கும்போது சமையல் கிழங்கா, ஆலைக் கிழங்கா என்று ஒரு வார்த்தை கேட்டு வாங்குங்கள். நானே வீட்டுக்கு வேண்டியதை வரப்போரம் தனியாகத்தான் நட்டிருக்கிறேன்.

மறுபதிவு: வெண்ணாற்றங்கரை

அனைவருக்கும் நன்றி. பாட்டியிடம் வேறு கிழங்கு வாங்கி, கல்குளத்து அக்கா சொன்னபடியே உரித்தேன். அந்த உள்தோல் கழன்று வருவதைப் பார்ப்பதே ஒரு சுகம். கசப்பு துளியும் இல்லை. காந்தாரியை அளவு தெரியாமல் இடித்ததில் பாதி மாலை தண்ணீர் குடிப்பதிலேயே போனது. நெத்திலி அடுத்த ஞாயிறு.

வாத்தியார் ஐயா, பானையில் கிழங்கு இருந்தால் போதும் என்ற உங்கள் அம்மாவின் பேச்சைப் படித்த பிறகு சோற்றுப் பெருமையைக் கொஞ்சம் அடக்கிக்கொண்டேன். ஆனால் என் மட்டை அரிசியை எல்லோரும் வசதியாக மறந்துவிட்டீர்கள். பாட்டி இப்போது தாராளமாகவே கிழங்கு தருகிறார், அதை எப்படி வைத்துக்கொள்வது என்றும் சொல்லுங்கள்.

பதில்: கல்குளத்துக்காரி

மட்டை அரிசியை இரவே ஊறவையுங்கள், இல்லாவிட்டால் இரண்டு மணி நேரமாவது ஊறட்டும். அரிசிக்கு ஐந்தாறு பங்கு தண்ணீரைக் கொதிக்கவைத்து, அதில் போட்டு ஒரு பத்து நிமிடம் தளதளவென்று கொதித்ததும் மூடி இறக்கி, அரைமணி நேரம் அப்படியே விடுங்கள். பிறகு மறுபடி அடுப்பில் ஏற்றினால் பருக்கை மலர்ந்து வரும். கேஸும் மிச்சம். வடித்த கஞ்சியில் உப்புப் போட்டுக் குடியுங்கள், கொட்டாதீர்கள். மட்டைச் சோறு பொன்னி மாதிரி குழையாது. குழையட்டும் என்று காத்திருந்தால் காத்துக்கொண்டே இருக்கவேண்டியதுதான்.

கிழங்கை வெளியே வைக்காதீர்கள். உரித்துத் துண்டாக்கித் தண்ணீரில் மூழ்கவைத்து ஃபிரிட்ஜில் வைத்தால், தினமும் தண்ணீர் மாற்றினால், இரண்டொரு நாள் தாங்கும். அதைவிட, பாட்டியிடம் சொல்லி அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் பிடுங்கித் தரச்சொல்லுங்கள். மண்ணுக்குள் இருக்கும்வரை அது மாதக்கணக்கில் கெடாது. பிடுங்கும் வேலையை நீங்களே செய்து கொடுங்கள், அந்த வயதில் அவர் குனிந்து இழுக்கவேண்டாம்.