'இகிரு' சப்டைட்டில் நகர்கிறது, உதவுங்கள்

அகிரா குரோசாவாவின் ஜப்பானியப் படம் 'இகிரு' (1952) பார்க்கக் கையில் உள்ள கோப்பு 143 நிமிடம், விநாடிக்கு 23.976 ஃப்ரேம். கிடைத்த சப்டைட்டிலோ 25 ஃப்ரேமுக்குச் செய்தது. 10வது நிமிடத்தில் சுமார் 25 விநாடி முந்தி வருகிறது, முடிவில் ஏறக்குறைய 6 நிமிடம். இடைவெளி வளர்ந்துகொண்டே போவதால் விஎல்சி பிளேயரில் ஜி, எச் விசைகளைத் தட்டிப் பயனில்லை. அது மொத்தமாகத்தான் நகர்த்தும்.

'சப்டைட்டில் எடிட்' மென்பொருளில் 25லிருந்து 23.976க்கு மாற்றியதும் முதல் பாதி கச்சிதம். ஆனால் இழவு வீட்டுக் காட்சியில் திடீரென 3 விநாடி பிந்துகிறது, அதற்குப் பிறகு கடைசிவரை அதே 3 விநாடிதான். படக்கோப்பில் அங்கே ஒரு துண்டு விடுபட்டிருக்க வேண்டும். வேக மாற்றம் இதற்கு உதவாது. வெட்டு விழுந்த வரியிலிருந்து கீழே உள்ளதை மட்டும் முன்னே இழுக்க வேண்டும்.

அந்த வரியை எப்படிக் கண்டுபிடிப்பது? ஜப்பானியம் தெரியாது. குடித்துவிட்டு நாலைந்து பேர் ஒருவர் பேச்சில் ஒருவர் புகுந்து பேசுகிறார்கள், யார் எதைச் சொன்னார் என்பதே பிடிபடவில்லை. படத்தின் உயிரே அந்தப் பேச்சில்தான் இருக்கிறது. நாயகன் பனியில் ஊஞ்சலாடிப் பாடும் இடத்தில் ஒரு வரிகூடத் தப்பக்கூடாது.

ஒலி அலையைப் பார்த்துச் சரிசெய்து பழகியவர்கள் வழி சொல்லுங்கள். தமிழ் சப்டைட்டில் இருந்தாலும் தெரிவியுங்கள்.