பிளாங்க் டிவிடியை மட்டும் கண்டுகொள்ளாத டிவிடி ரைட்டர்: என்ன செய்யலாம்?

கேள்வி

நண்பர்களே, வணக்கம். என் மேசைக் கணினியில் இருக்கும் டிவிடி ரைட்டர் பாடாய்ப் படுத்துகிறது. விண்டோஸ் 10, சாட்டா இணைப்பு. படம் உள்ள டிவிடியைப் போட்டால் ஓடுகிறது. பிளாங்க் சிடியில் பாட்டு எழுதினேன், அதுவும் சரியாக வந்தது. பிளாங்க் டிவிடி போட்டால் மட்டும் டிரைவ் கொஞ்ச நேரம் சுற்றுகிறது, விளக்கு விட்டு விட்டு எரிகிறது, பிறகு அடங்கிவிடுகிறது. டிரைவைத் திறக்கப் போனால் டிஸ்க்கைப் போடச் சொல்கிறது. டிஸ்க் உள்ளேதான் இருக்கிறது.

இதே டிரைவில் முன்பு டிவிடி எழுதியிருக்கிறேன். இப்போது வாங்கிய டிஸ்க் டிவிடி-ஆர், 16எக்ஸ் வேகம். அதே பெட்டியிலிருந்து வேறு வேறு டிஸ்க் எடுத்துப் போட்டும் பயனில்லை. டிவைஸ் மேனேஜரில் டிரைவை நீக்கிவிட்டுக் கணினியை மறுபடி இயக்கியும் பார்த்தாயிற்று. தெரிந்தவர் ஒருவர் விண்டோஸையே புதிதாகப் போடச் சொல்கிறார். அவ்வளவு தூரம் போக வேண்டுமா?

குடும்ப நிகழ்ச்சி ஒன்றின் வீடியோவை வீட்டுப் பெரியவர்களுக்குக் கொடுக்க வேண்டும். அவர்களிடம் இருப்பது பழைய டிவிடி பிளேயர், பென் டிரைவ் செருக அதில் இடமில்லை. அதனால் டிவிடியாகத்தான் கொடுத்தாக வேண்டும்.

பதில் 1

விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியில் அப்பர்ஃபில்டர்ஸ், லோயர்ஃபில்டர்ஸ் என்ற இரண்டு பதிவுகளை நீக்கிப் பாருங்கள். லோக்கல் மெஷின் → சிஸ்டம் → கரன்ட் கன்ட்ரோல் செட் → கன்ட்ரோல் → கிளாஸ் என்று போனால் 4டி36ஈ965 என்று தொடங்கும் ஒரு பிரிவு வரும். சிடி, டிவிடி டிரைவ்களுக்கான பிரிவு அது. சிடி எழுதும் மென்பொருள்களும் மெய்நிகர் டிரைவ் மென்பொருள்களும் அங்கே தங்கள் பெயரை நுழைத்துவிட்டு, நீக்கிய பிறகும் மிச்சம் வைத்துவிட்டுப் போய்விடும். கை வைக்கும் முன் அந்தப் பிரிவை எக்ஸ்போர்ட் செய்து பத்திரப்படுத்திக்கொள்ளுங்கள்.

பதில் 2

மேலே நண்பர் சொன்னது நல்ல வைத்தியம்தான், ஆனால் வேறு நோய்க்கு. டிரைவே கணினியில் காணாமல் போய்விட்டது, அல்லது டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் குறியோடு 19, 31, 32, 39, 41 போன்ற பிழை எண் காட்டுகிறது என்றால் அந்தப் பதிவுகளைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். உங்கள் டிரைவ் கண்ணுக்குத் தெரிகிறது, படம் ஓட்டுகிறது, சிடியும் எழுதுகிறது. ரெஜிஸ்ட்ரியை இப்போதைக்குத் தொட வேண்டாம். விண்டோஸை மாற்றிப் போடும் பேச்சே வேண்டாம்.

டிஸ்க் வெற்று டிஸ்க்கா, எந்த வகை என்று கண்டுபிடிப்பது விண்டோஸின் வேலை இல்லை. டிரைவுக்குள்ளேயே பதிந்திருக்கும் மென்பொருளான ஃபர்ம்வேர்தான் அதைக் கண்டுபிடித்துச் சொல்லும். விண்டோஸ் வெறுமனே கேட்டுத் தெரிந்துகொள்கிறது. ஆகவே கோளாறு டிரைவிலா விண்டோஸிலா என்று முதலில் பிரித்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. அதற்கு இவற்றைச் சொல்லுங்கள்:

டிரைவின் முகப்பில் என்ன சின்னம் இருக்கிறது? டிவிடியைப் படிக்க மட்டும் செய்து, சிடி மட்டும் எழுதும் காம்போ டிரைவ்களும் உண்டு. நீங்கள் முன்பு எழுதியதாகச் சொல்கிறீர்கள், இருந்தாலும் டிரைவ் இடையில் மாற்றப்படவில்லையே?

அதே டிஸ்க்கை வேறொரு கணினியில் போட்டால் தெரிகிறதா?

இம்க்பர்ன் என்ற இலவச மென்பொருளைப் போட்டு, எழுதும் பகுதியைத் திறந்து, டிஸ்க்கை உள்ளே தள்ளிய பின் கீழ்ப்பட்டையில் என்ன வருகிறது என்று அப்படியே எழுதுங்கள். 'மீடியம் நாட் பிரசென்ட்' என்று வருவதும் 'இன்கம்பேட்டிபிள் ஃபார்மேட்' என்று வருவதும் ஒன்றல்ல. முதலாவது, உள்ளே டிஸ்க் இருப்பதே டிரைவுக்குத் தெரியவில்லை என்று பொருள். இரண்டாவது, ஏதோ இருப்பது தெரிகிறது, அது என்ன வகை என்று பிடிபடவில்லை.

கடைசியாக ஒன்று. நீங்கள் முன்பு எழுதி வைத்த பழைய டிவிடி ஏதாவது இருந்தால் அதையும் போட்டுப் பாருங்கள். கடையில் வாங்கிய படம் ஓடுவதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

கேட்டவர்

விரிவாக எழுதியதற்கு நன்றி ஐயா. டிரைவ் மாற்றப்படவில்லை, முகப்பில் டிவிடி மல்ட்டி ரெக்கார்டர் என்று இருக்கிறது. அதே டிஸ்க் பக்கத்து வீட்டுக் கணினியில் உடனே தெரிந்தது, 4.38 ஜிபி காலி என்று காட்டியது. என் கணினியில் இம்க்பர்ன் சொல்வது: 'டிவைஸ் நாட் ரெடி, மீடியம் நாட் பிரசென்ட்'. சில சமயம் மட்டும் 'இன்கம்பேட்டிபிள் ஃபார்மேட்'.

நான் எழுதி வைத்த பழைய டிவிடிகளில் சில திறக்க நீண்ட நேரம் எடுக்கின்றன, ஒன்று திறக்கவே இல்லை. இதை நான் கவனித்ததே இல்லை. கடையில் வாங்கிய படங்கள் எல்லாம் உடனே ஓடுகின்றன. ஏன் இந்த வித்தியாசம்?

பதில் 2 எழுதியவர்

அப்படியென்றால் டிஸ்க்கும் நல்லது, விண்டோஸும் நல்லது. கோளாறு டிரைவில்தான்.

ஏன் என்று சொல்கிறேன், இது தெரிந்தால் அடுத்து என்ன செய்வது என்பதும் தெளிவாகும். டிவிடி ரைட்டரில் இரண்டு லேசர்கள். சிடிக்கு 780 நானோமீட்டர் அகச்சிவப்பு, டிவிடிக்கு 650 நானோமீட்டர் சிவப்பு. சிடி நன்றாக எழுதுகிறது என்பது சிவப்பு லேசரின் நிலையைப் பற்றி எதுவும் சொல்லாது.

சரி, சிவப்பு லேசர்தானே படத்தையும் ஓட்டுகிறது என்று கேட்பீர்கள். ஆலையில் அச்சடித்த படத்தில் குழிகள் வரிசையாக இருக்கும். அந்தக் குழிகளிலிருந்து வரும் வலுவான சிக்னலைப் பிடித்துக்கொண்டே லேசர் தடம் மாறாமல் போய்விடும். பிளாங்க் டிஸ்க்கில் குழியே கிடையாது. மெல்லிய சுருள் பள்ளம் ஒன்று மட்டும், அதுவும் நேர்கோடாக இல்லாமல் இம்மி அளவு நெளிந்து நெளிந்து போகும். அந்த நெளிவை வைத்துத்தான் டிரைவ் தான் இருக்கும் இடத்தையும் சுற்றும் வேகத்தையும் தெரிந்துகொள்கிறது. டிஸ்க்கைச் செய்தவர் யார், எந்த வகை, எத்தனை எக்ஸ் என்ற குறியீடும் பள்ளத்தோடுதான் பதிந்திருக்கும். இந்த சிக்னல் மிகவும் நொய்வானது. லென்ஸில் லேசாகத் தூசி படிந்தாலோ லேசர் வயதாகி மங்கினாலோ முதலில் அடிபடுவது இதுதான். அப்புறம் நாம் எழுதிய டிஸ்க். அச்சடித்த படம் கடைசிவரை ஓடிக்கொண்டிருக்கும், அதனால்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள்.

இன்னொன்று: டிவிடி-ஆர், டிவிடி+ஆர் இரண்டிலும் அந்தப் பள்ளத்தின் அமைப்பே வேறு. 1997இல் வந்த டிவிடி-ஆரில் நெளிவு 140 கிலோஹெர்ட்ஸ் அளவில் இருக்கும், முகவரி விவரங்கள் பள்ளங்களுக்கு இடையே சின்னச் சின்னப் புள்ளிகளாகப் பதிந்திருக்கும். 2002இல் வந்த டிவிடி+ஆரில் முகவரி நெளிவுக்குள்ளேயே இருக்கிறது, அதன் அதிர்வெண் 817 கிலோஹெர்ட்ஸ். நலிந்த டிரைவ் ஒன்றை விட்டுவிட்டு மற்றொன்றை ஏற்றுக்கொள்வது அடிக்கடி நடக்கும்.

ஆகவே முதலில் லென்ஸைச் சுத்தம் செய்யுங்கள். லேப்டாப் டிரைவில் தட்டை இழுத்தாலே லென்ஸ் வெளியே வரும். மேசைக் கணினி டிரைவில் அது உடம்புக்குள்ளே இருக்கும், அதனால் சிறு தூரிகை ஒட்டிய கிளீனிங் டிஸ்க்தான் எளிது. அதில் பலன் இல்லாவிட்டால் டிரைவைக் கழற்றி, அடித்தகட்டின் திருகுகளை எடுத்து, ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக் குச்சியால் லென்ஸை மெதுவாக வருடிவிடலாம். அழுத்தக் கூடாது, லென்ஸ் மெல்லிய கம்பிகளில் தொங்குகிறது. நகப்பூச்சு நீக்கும் அசிட்டோன் பக்கமே போகாதீர்கள், பிளாஸ்டிக் லென்ஸ் மங்கிவிடும். மூடி திறந்த நிலையில் டிரைவுக்கு மின்சாரம் கொடுக்கவே கூடாது. எழுதும் லேசர் கண்ணைக் கெடுத்துவிடும்.

அதோடு டிவிடி+ஆர் ஒன்றிரண்டு மட்டும் வாங்கிச் சோதித்துப் பாருங்கள்.

பதில் 3

அண்ணா, நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். எனக்கும் இதே தொல்லை, ஆனால் என்னுடையது யூஎஸ்பியில் செருகும் மெலிந்த டிரைவ். பிளாங்க் டிவிடி போட்டால் டக் டக் என்று சத்தம் வந்து நின்றுவிடுகிறது. சில சமயம் டிரைவே கணினியிலிருந்து மறைந்து திரும்ப வருகிறது. லென்ஸைத் துடைத்துவிட்டேன்.

பதில் 2 எழுதியவர்

தம்பி, டிரைவ் மறைந்து மறைந்து வருகிறது என்றால் மின்சாரம் போதவில்லை. யூஎஸ்பி 2.0 துளை 500 மில்லியாம்ப் வரை தரும், 3.0 துளை 900 வரை. சுற்ற ஆரம்பிக்கும்போதும் எழுதும்போதும் 500ஐத் தாண்டிக் கேட்கும் டிரைவ்கள் நிறைய உண்டு. ஹப் வழியாகச் செருகியிருந்தால் எடுத்துவிட்டு நேராகக் கணினியில், நீல நிறத் துளை இருந்தால் அதில் செருகிப் பாருங்கள். மேசைக் கணினியானால் முன்பக்கத்தைவிட மதர்போர்டோடு ஒட்டிய பின்பக்கத் துளை நல்லது. நீளமான கேபிளும் வேண்டாம். இரண்டு தலை உள்ள கேபிள் டிரைவோடு வந்திருந்தால் இரண்டையுமே செருகுங்கள்.

பதில் 4

லினக்ஸ் தெரிந்தவர்களுக்கு ஒரு குறுக்கு வழி. பென் டிரைவிலிருந்தே ஓடும் உபுண்டுவில் கணினியைத் தொடங்கி, டிவிடி+ஆர்டபிள்யூ-டூல்ஸ் தொகுப்பில் உள்ள டிவிடி+ஆர்டபிள்யூ-மீடியாஇன்ஃபோ கட்டளையைக் கொடுத்தால் டிஸ்க்கின் வகை, குறியீடு, எழுதக்கூடிய வேகங்கள் எல்லாம் வந்துவிடும். அங்கேயும் 'டிஸ்க் இல்லை' என்று வந்தால் விண்டோஸின் மேல் பழி போட வழியே இல்லை.

கேட்டவர்

கிளீனிங் டிஸ்க் போட்டு ஓட்டினேன். நல்ல மாற்றம் தெரிகிறது. திறக்காத பழைய டிவிடி இப்போது திறக்கிறது. டிவிடி+ஆர் போட்டவுடன் தெரிகிறது, இம்க்பர்ன் வலப்பக்கத்தில் அதன் குறியீட்டையும் வேகங்களையும் காட்டுகிறது. டிவிடி-ஆர் மட்டும் இன்னும் சில தடவை தெரிகிறது, சில தடவை தெரிவதில்லை. டிரைவைத் திறந்து துடைக்கட்டுமா, ஃபர்ம்வேர் புதுப்பிக்கட்டுமா?

பதில் 2 எழுதியவர்

மிகவும் மகிழ்ச்சி. ஃபர்ம்வேருக்குள் எந்தக் குறியீட்டுக்கு எப்படி எழுதுவது என்ற பட்டியல் இருக்கிறது. டிரைவுக்குப் பிறகு சந்தைக்கு வந்த டிஸ்க் அதில் இருக்காது, புதிய ஃபர்ம்வேர் அதைச் சேர்க்கலாம். ஆனால் உங்கள் டிரைவ் அதே டிஸ்க்கை ஒரு தடவை காண்கிறது, மறுதடவை காணவில்லை. பட்டியலில் இல்லாத டிஸ்க் இப்படி மாறி மாறி நடக்காது. லேசர்தான் தளர்ந்துவருகிறது. ஃபர்ம்வேர் புதுப்பிக்கும்போது மின்சாரம் போனால் டிரைவே போய்விடும், அந்த ஆபத்தை இதற்காக ஏற்க வேண்டாம் என்பது என் கருத்து. திறந்து துடைப்பதையும் இந்த வேலை முடியும்வரை தள்ளிப்போடுங்கள்.

கையில் உள்ள வேலையை டிவிடி+ஆரில் முடித்துக்கொள்ளுங்கள். 16எக்ஸ் வேண்டாம், 8எக்ஸ் வைத்தாலே விநாடிக்குச் சுமார் 11 எம்பி, ஒரு டிஸ்க் பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும். எழுதி முடித்ததும் சரிபார்க்கும் வெரிஃபை தேர்வைக் கட்டாயம் போடுங்கள். நலிந்த லேசர் எழுதிய டிஸ்க் சரியாக ஓடுகிறதா என்று பார்க்காமல் பெரியவர்கள் கையில் கொடுக்காதீர்கள்.

வீடியோ கோப்பை அப்படியே டிஸ்க்கில் போட்டுவிட்டால் பழைய பிளேயரில் ஓடாது. டிவிடி-வீடியோவாக மாற்ற வேண்டும்: எம்பெக்-2 வடிவம், பால் (PAL) என்ற தொலைக்காட்சி முறைக்கு 720க்கு 576 புள்ளிகள், எல்லாம் வீடியோ-டிஎஸ் என்ற கோப்புறைக்குள். டிவிடிஸ்டைலர் என்ற இலவச மென்பொருள் இதைச் செய்து தரும், தொடுவதற்கு ஒரு முகப்புப் பக்கமும் வைக்கலாம். பழைய பிளேயர்கள் சில டிவிடி+ஆரை ஏற்பதில்லை. உங்கள் டிரைவ் அனுமதித்தால் இம்க்பர்னில் புக் டைப்பை, அதாவது டிஸ்க் எந்த வகை என்று பிளேயருக்குச் சொல்லும் குறிப்பை, டிவிடி-ரோம் என்று மாற்றிவிட்டு எழுதுங்கள், பிளேயர் அதை அச்சடித்த டிஸ்க் என்றே எடுத்துக்கொள்ளும்.

கேட்டவர்

புக் டைப் மாற்றி, 8எக்ஸில் எழுதினேன். வெரிஃபை பிழையில்லாமல் முடிந்தது. வீட்டுப் பிளேயரில் முழுவதும் ஓட விட்டுப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தேன், எங்கேயும் நிற்கவில்லை. மிச்சமிருக்கும் டிவிடி-ஆர்களைப் பக்கத்து வீட்டுக் கணினியில் பயன்படுத்திக்கொள்ளலாம் அல்லவா?

பதில் 2 எழுதியவர்

தாராளமாக. அந்த டிஸ்க்குகளில் குறையில்லை. வெயில் படாத இடத்தில், எழுதும் பக்கம் கீறாமல் வைத்திருங்கள். டிரைவைப் பொறுத்தவரை, இன்னும் சில மாதம் ஓடலாம், நாளையே நிற்கலாம். அதில் மட்டும் எழுதி வைத்திருக்கும் பழைய டிவிடிகளை இப்போது படிக்க முடிகிற நேரத்திலேயே ஹார்டு டிஸ்க்குக்கு நகல் எடுத்துவிடுங்கள், திறக்க நேரம் எடுத்தவற்றிலிருந்து தொடங்குங்கள்.