முப்பது ஆண்டுகளுக்குப் பின் விடுதித் தோழர்கள் கூடுகிறோம்: அவரை அழைப்பதா, வேண்டாமா?

கேள்வி: பூம்பாறை விவசாயி

அனைவருக்கும் வணக்கம். கொடைக்கானலை அடுத்த பூம்பாறையில் பூண்டும் உருளைக்கிழங்கும் பயிரிட்டு வருகிறேன். வயது 48. கொடைக்கானலில் ஒரு பள்ளியில் 1988 முதல் 1995 வரை, ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை, விடுதியில் தங்கிப் படித்தேன். உடன் படித்தவர்களில் பெரும்பாலோர் மதுரை, திண்டுக்கல், தேனிப் பக்கத்தினர். படிப்பு முடிந்ததும் மலையை விட்டு இறங்கிவிட்டார்கள். மேலேயே தங்கிவிட்டவன் நான் ஒருவன்தான் என்பதால், சென்ற சித்திரையில் தொடங்கிய வாட்ஸ்அப் குழுவில், முப்பதாண்டு நிறைவுச் சந்திப்புக்கு இடம் பார்க்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. அதில் எனக்கு வருத்தமில்லை.

சிக்கல் வேறு. விடுதிக்கு வரும் கடிதங்களை வார்டன் பிரித்துப் பார்த்த பிறகு, சனிக்கிழமை இரவுச் சாப்பாடு முடிந்ததும் பெயர் கூப்பிட்டுக் கொடுப்பார். நாங்கள் ஒன்பதாம் வகுப்பில் இருந்தபோது, ஒட்டன்சத்திரம் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்து படித்த ஒருவருக்கு அவருடைய தந்தை எழுதியிருந்த இன்லேண்ட் கடிதத்தை அவர் கையிலிருந்து பிடுங்கி, கட்டில்மேல் ஏறி நின்று, எழுத்துப் பிழைகளோடு அப்படியே உரக்கப் படித்தவன் நான். நீலத் தாளில் இடம் போதாமல் கடைசிச் செய்தியை ஓர மடிப்பில் நெருக்கி எழுதியிருந்தார்: சின்ன வெள்ளாடு இரண்டு குட்டி போட்டிருக்கிறது, நீ லீவுக்கு வந்து பார்க்கும்வரை பெட்டைக் குட்டியை விற்கமாட்டேன் என்று. ‘லீவு’ என்பதை ‘லிவு’ என்று எழுதியிருந்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

அன்றிரவிலிருந்து அவர் அறைக்குள் நுழைந்தாலே முப்பது பேரும் ‘மே’ என்று கத்துவோம். சாப்பாட்டு வரிசையில் கத்துவோம். ஸ்டடி நேரத்தில் வார்டன் முதுகைத் திருப்பியதும் யாராவது ஒருவர் மெதுவாகத் தொடங்குவார். முழுஆண்டுத் தேர்வு முடிந்து தகரப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனவர் பிறகு திரும்பவே இல்லை. 1994இல் மலையெங்கும் குறிஞ்சி பூத்தபோது பூச்சரிவில் நிற்கவைத்து எங்களை எடுத்த புகைப்படம்தான் இப்போது குழுவின் முகப்புப் படம். அதில் அவர் இல்லை.

சென்ற மாதம் குழுவில் ஒருவர், ‘அடுத்த மே மாதம் சந்திக்கலாம்’ என்று எழுதினார். உடனே இன்னொருவர் அந்த நண்பரின் பெயரைப் போட்டு ‘மே...’ என்று நீட்டினார். பத்து நிமிடத்துக்குள் ஏழு பேர் நீட்டிவிட்டார்கள். அவர்களில் ஒருவர் இன்று தலைமையாசிரியர். நானும் சிரிப்பு எமோஜி ஒன்றைப் போட்டேன். போட்ட பிறகுதான் அழித்தேன். மறுநாள் ஒருவர் அவருடைய கைப்பேசி எண்ணையும், அவர் நடத்தும் கடையின் முகவரியையும் தேடிப் பிடித்து எனக்கு அனுப்பி, ‘குழுவில் சேர்த்துவிடு’ என்றார். சேர்த்துவிடுவதா, அழைத்துப் பேசுவதா, அவரை அவர் பாட்டுக்கு விட்டுவிடுவதா? பேசுவதென்றால் ‘நீ’ என்பதா, ‘நீங்கள்’ என்பதா? மற்றவர்கள் எல்லாரையும் முதல் நாளே ‘டா’ போட்டுத்தான் கூப்பிட்டேன். இவரிடம் அது வாயில் வரவில்லை.

பதில் 1: குன்னூர் வாசகி

ஐயா, தயவுசெய்து அவரைக் கேட்காமல் குழுவில் சேர்த்துவிடாதீர்கள். குன்னூரில் விடுதியில் தங்கிப் படித்த நாங்கள் 2019இல் இதே போலக் கூடினோம். எங்கள் வகுப்பில் ஒருத்தியை இப்படித்தான் திடீரென்று சேர்த்தார்கள். வந்தவுடன் நாற்பது பேரின் வணக்கங்கள், பிள்ளைகளின் மதிப்பெண்கள், பழைய பட்டப்பெயர்கள் எல்லாம் ஒரே நேரத்தில் அவள்மேல் கொட்டின. இரண்டாம் நாள் வெளியேறிவிட்டாள். அவளுடைய எண் எல்லாரிடமும் போய்ச் சேர்ந்துவிட்டதால், ஏன் போனாய் என்று கேட்டு அவளை அழைத்தவர்களே பதினைந்து பேர் இருப்பார்கள்.

அவரை அழைப்பதற்கு முன்னால் உங்கள் குழுவிடம் பேசுங்கள். ‘மே’ என்று நீட்டிய ஏழு பேரில் இரண்டு பேராவது தனியாகச் சொன்னால் கேட்டுக்கொள்வார்கள். கேட்காதவர்கள் இருக்கும் கூட்டத்துக்கு அவரை அழைப்பது, 1992இல் நடந்ததையே இன்னொரு முறை நடத்துவதாகத்தான் முடியும்.

சந்திப்பைப் பற்றியும் ஒன்று சொல்லிக்கொள்கிறேன். எங்கள் கூட்டத்தில் முதல் இரண்டு மணி நேரம் யாருக்குச் சர்க்கரை, யாருடைய மகன் எந்த நாட்டில் என்பதிலேயே கழிந்தது. விடுதியின் அறிக்கை வாசிப்பு நினைவுக்கு வந்தது. ஆனால் நாங்கள் ஒன்பது பேர் மட்டும் காலையில் மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ரயிலில் ஏறியிருந்தோம். கல்லாறு தாண்டிப் பல்சக்கரப் பாதை தொடங்கியதும் ரயில் நடைவேகத்துக்கு வந்துவிடும். குன்னூர் சேர மூன்று மணி நேரத்துக்கு மேலாகும். அந்தப் பெட்டியில், எதிரெதிரே முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தபோதுதான், ஒருத்தி தன் விவாகரத்தைப் பற்றிச் சொன்னாள், இன்னொருத்தி விடுதியில் படுக்கையை நனைத்ததற்காக அடி வாங்கியதைச் சொன்னாள். பிறகு விடுதியில் குடித்தது போலத் தேநீரில் வர்க்கியை நனைத்துச் சாப்பிட்டோம். மண்டபமும் மேடையும் ஒலிபெருக்கியும் பிடித்துவிடாதீர்கள்.

பதில் 2: தகரப்பெட்டி

உங்கள் கேள்வியை நான் உங்கள் நண்பரின் பக்கத்திலிருந்து படித்தேன். எங்கள் விடுதியில் எனக்கும் ஒரு பெயர் வைத்திருந்தார்கள். அது என்ன என்று இங்கே எழுதப் போவதில்லை.

இருபத்தைந்து ஆண்டுகள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. ‘யார் பேசுறேன்னு கண்டுபிடி பார்க்கலாம்’ என்றது குரல். பின்னால் பலர் சிரிப்பது கேட்டது, ஸ்பீக்கரில் போட்டிருந்தார்கள். என் மகள் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். நானும் சிரித்தேன். ‘பழசையெல்லாம் மனசுல வச்சுக்காதடா’ என்று ஒருவர் சொன்னார். இல்லை இல்லை என்றேன். அழைத்தவர்களுக்குப் பாரம் இறங்கிவிட்டது. எனக்கு அந்தப் பெயர் அன்றைக்கு என் வீட்டுக்குள் வந்துவிட்டது.

ஆகையால் தொலைபேசியில் அழைக்காதீர்கள். அழைப்பு உடனே பதில் கேட்கும். கடிதம் கேட்காது, பிடிக்காவிட்டால் கிழித்துப் போட்டுவிடலாம். நீங்கள் செய்ததை நீங்கள் இங்கே எழுதியது போலவே எழுதுங்கள்: பிடுங்கினேன், கட்டில்மேல் ஏறினேன், படித்தேன் என்று. ‘சின்ன வயது விளையாட்டு’ என்ற சொற்கள் மட்டும் அதில் வரவே கூடாது. ‘எல்லாரும்தான் செய்தார்கள்’ என்பதும் வேண்டாம். மற்றவர்களுக்காக நீங்கள் எழுத முடியாது. மன்னிப்பைக் கேளுங்கள், ஆனால் மன்னித்தேன் என்று பதில் எழுதும்படி கேட்காதீர்கள். சந்திப்பு என்று ஒன்று நடக்கவிருப்பதைக் கடைசியில் ஒரு வரியில் சொன்னால் போதும். பழைய நினைவுக்காக இன்லேண்ட் தாளில் எழுதலாமே என்று தோன்றலாம். தபால் நிலையத்தில் அது இன்றும் கிடைக்கிறது. வேண்டவே வேண்டாம். அது நாடகமாகிவிடும்.

‘நீங்கள்’ என்றே எழுதுங்கள். உடன் படித்தவனை ‘நீங்கள்’ என்பது செயற்கையாகத் தோன்றும்தான். இருந்தாலும் ‘நீ’ என்று அழைக்கும் உரிமை உங்களுக்கு இன்னும் இருக்கிறதா என்பதை அவர்தான் சொல்ல வேண்டும்.

பதில் 3: வத்தலக்குண்டு ஓட்டுநர்

முன்னால் எழுதிய இருவரும் மனத்தைப் பற்றிச் சொல்லிவிட்டார்கள். நான் இருபது ஆண்டுகளாக வத்தலக்குண்டு–கொடைக்கானல் மலைப்பாதையில் வண்டி ஓட்டுபவன் என்பதால் மாதத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். மே மாதம் வேண்டாம். பிரையண்ட் பூங்காவில் மலர்க் கண்காட்சியும் கோடை விழாவும் அப்போதுதான். 2024 மே மாதம் முதல் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் கட்டாயம். 2025 கோடைக்கு உயர் நீதிமன்றம் கொடைக்கானலுக்கு வார நாள்களில் 4,000 வண்டிகள், வார இறுதியில் 6,000 வண்டிகள் என்று வரம்பும் வைத்தது. நாற்பது பேர் நாற்பது காரில் வந்தால், வெள்ளி நீர்வீழ்ச்சிக்குக் கீழேயே வரிசையில் நின்று பாதிப் பகலைத் தொலைப்பீர்கள். ஐப்பசி, கார்த்திகையும் சரிப்படாது. மழையில் மண் சரியும், மரம் விழும்.

மாசி மாதம் வையுங்கள். வானம் தெளிந்திருக்கும், அறை வாடகையும் இறங்கியிருக்கும். எல்லாரையும் கொடை ரோடு ரயில் நிலையத்துக்கு வரச் சொல்லி, ஒரே பேருந்தில் ஏற்றிக்கொண்டு வாருங்கள். சுமார் 80 கிலோமீட்டர். குன்னூர்ச் சகோதரிக்கு ரயிலில் கிடைத்தது உங்களுக்குக் கொண்டை ஊசி வளைவுகளில் கிடைக்கட்டும். இரத்த அழுத்த மாத்திரை போடுகிறவர்கள் அதை மறக்காமல் எடுத்துவரச் சொல்லுங்கள். இறங்கும்போது வாந்தி எடுக்காத பழைய மாணவர்களை நான் இதுவரை பார்த்ததில்லை.

கேள்வி கேட்டவர்: பூம்பாறை விவசாயி

எழுதிய அனைவருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

முதலில் குழுவில் எழுதினேன். கட்டில்மேல் ஏறி நின்றவன் நான்தான் என்று பெயரோடு சொல்லி, அந்தச் சத்தத்தை இனி யாரும் எழுப்ப வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். அரை நாள் ஒருவரும் ஒன்றும் எழுதவில்லை. காலை வணக்கப் படங்கள்கூட வரவில்லை. ஒருவர், இவ்வளவு பெரிதாக்குகிறாயே என்று கோபித்துக்கொண்டு விலகிவிட்டார். தலைமையாசிரியர் இரவு பத்து மணிக்கு அழைத்து நெடுநேரம் பேசினார். தம் பள்ளி விடுதியில் இப்போது நடக்கிற ஒன்றைப் பற்றித்தான் பெரும்பாலும் பேசினார். சந்திப்பை மாசிக்கு மாற்றிவிட்டோம்.

கடிதத்தை நான்கு முறை எழுதிக் கிழித்தேன். ஐந்தாவது ஒன்றரைப் பக்கத்தில் நின்றது. ‘நீங்கள்’ என்றே எழுதினேன். கடை முகவரிக்கு அனுப்பினேன், அடியில் என் எண்ணைக் கொடுத்திருந்தேன். பத்தொன்பது நாள் கழித்து, நேற்று மாலை, பூண்டுக் கட்டுகளைப் பரணில் தொங்கவிட்டுக்கொண்டிருந்தபோது செய்தி வந்தது. முழுவதையும் அப்படியே தருகிறேன்: ‘கடிதம் கிடைத்தது. அப்பா காலமாகி எட்டு வருடம் ஆகிறது. சந்திப்புக்கு வர இயலாது. மலைப்பூண்டு மூன்று கிலோ அனுப்ப முடியுமா? விலையைச் சொன்னால் பணம் அனுப்பிவிடுகிறேன்.’

பலமுறை படித்துவிட்டேன். ‘நீ’ என்றும் இல்லை, ‘நீங்கள்’ என்றும் இல்லை. அப்படி ஒரு சொல் தேவைப்படாதபடியே ஐந்து வாக்கியத்தையும் எழுதியிருக்கிறார்.

இப்போது இன்னொரு கேள்வி. எங்கள் பூண்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்ததிலிருந்து வெளியூர்த் தோழர்கள் பலர் கேட்டு வாங்குகிறார்கள். உடன் படித்தவர்களிடம் நான் இதுவரை காசு வாங்கியதில்லை. இவரிடம் வாங்குவதா?

பதில் 4: தகரப்பெட்டி

வாங்கிக்கொள்ளுங்கள். வடுகபட்டிச் சந்தையில் இந்த வாரம் என்ன விலையோ அதைச் சொல்லுங்கள். ஒரு ரூபாய்கூடக் குறைக்காதீர்கள், கூடுதலாக அரைக் கிலோ வைத்துக் கட்டாதீர்கள். பார்சல் கூலியையும் தனியாக எழுதிக் கேளுங்கள். புகை நன்றாக ஏறி, தாள் உதிரும்படி காய்ந்த பூண்டாகப் பார்த்து அனுப்புங்கள். ஈரத்தோடு போனால் வழியிலேயே முளைத்துவிடும்.