டர்போ காரில் டவுன்பைப் மாற்றும்போது ஆக்சிஜன் சென்சார் எந்த ஓட்டையில்?

டவுன்பைப்76:
டர்போ பெட்ரோல் கார். டவுன்பைப்பிலிருந்து (டர்போவிலிருந்து இறங்குற எக்ஸாஸ்ட் பைப்) பின்பக்கம் வரை எக்ஸாஸ்ட் முழுசும் மாத்தப்போறேன். புதுசிலும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் (சுருக்கமா கேட், புகையைச் சுத்தம் பண்ற பகுதி) இருக்கு. பழைய பைப்பில் கேட்டுக்கு முன்னால ஒரு சென்சார், பின்னால ஒரு சென்சார். புதுசில் கேட்டுக்கு முன்னாலயே ரெண்டு மரை ஓட்டை: டர்போ ஃபிளேஞ்சுக்கு (டர்போவோட பைப் சேர்ற தட்டு) ஒரு சாண் கீழே மேல்பக்கமா ஒண்ணு, இன்னும் தள்ளி பைப்போட அடிப்பக்கத்தில் ஒண்ணு. முன் சென்சாரை எதில் போடணும்? எவ்வளவு இறுக்கணும்? பின் சென்சாருக்கு வயர் ஒரு சாண் பத்தாது போல இருக்கு, வெட்டி நீட்டலாமா?

லாம்டா_ஒன்று:
மேல்பக்க ஓட்டைதான். அடிப்பக்கம் வேண்டவே வேண்டாம். பெட்ரோல் எரியும்போது நீராவி வரும். வண்டி ஸ்டார்ட் ஆன புதிதில் அது குளிர்ந்த பைப்பில் பட்டுத் தண்ணீராகி அடியில் தேங்கும். வைடுபேண்ட் சென்சாரின் (காற்று-பெட்ரோல் விகிதத்தைத் துல்லியமாக அளக்கும் வகை) செராமிக்கை உள்ளிருக்கும் ஹீட்டர் 750 டிகிரிக்கும் மேல் சூடாக்கி வைத்திருக்கும். அதன் மேல் ஒரு சொட்டு தெறித்தாலே விரிசல் விடும். சென்சாரின் முனை கீழே பார்க்க வேண்டும், கிடைமட்டத்திலிருந்து குறைந்தது 10 டிகிரி சாய்வு வேண்டும். பைப்பைக் கடிகார முகமாக நினைத்தால் 10 மணிக்கும் 2 மணிக்கும் இடையில் எங்கேயும் இருக்கலாம்.

தூரத்தைப் பற்றி: கம்பெனி சென்சார் என்றால் பழைய பைப்பில் டர்போவிலிருந்து எவ்வளவு தள்ளி இருந்ததோ, முடிந்தவரை அதே அளவு. இ.சி.யூ.வின் (இன்ஜினை இயக்கும் கம்ப்யூட்டர்) கணக்கு அந்த இடத்தை வைத்துத்தான். தனியாக வைடுபேண்ட் கேஜ் மாட்டுபவர்கள் இன்னும் கீழே தள்ளிப் போடுவது வேறு விஷயம், அங்கே சூடுதான் பிரச்சினை. பாஷ் எல்.எஸ்.யூ 4.9 என்ற வைடுபேண்ட் சென்சாருக்கு வாயு 930 டிகிரியையும் சென்சாரின் அறுகோணப் பகுதி 600 டிகிரியையும் தாண்டக்கூடாது. டர்போவுக்கு முன்னால், மேனிஃபோல்டில் போடும் யோசனையே வேண்டாம். சூடு ஒரு பக்கம், அங்கிருக்கும் அழுத்தமே அளவீட்டை நகர்த்திவிடும்.

மீதி ஓட்டையை எம்18×1.5 பிளக்கும் வாஷரும் போட்டு அடையுங்கள். அது கசிந்தால் மற்ற எல்லாம் வீண்.

மரைக்காரர்:
மாட்டுற விஷயத்துக்கு வரேன். கழட்டும்போது முதலில் கனெக்டரைப் பிரிச்சு விடுங்க. இல்லேன்னா சென்சாரோட சேர்ந்து வயரும் முறுக்கிக்கும். இன்ஜின் கைபொறுக்கிற சூட்டில் இருக்கும்போது பெனட்ரேட்டிங் ஆயில் விட்டு, வயர் நுழையப் பக்கத்தில் வெட்டு உள்ள 22 எம்.எம். சாக்கெட்டில் திருப்புங்க. பாதியில் இறுகினா பலம் கொடுக்காதீங்க. திரும்ப உள்ளே கொஞ்சம் திருகி, ஆயில் விட்டு, மறுபடி வெளியே. இப்படிப் போனா மரை பிழைக்கும்.

புது பைப்பில் சென்சாரைக் காட்டுறதுக்கு முன்னால எம்18×1.5 டேப் (மரை வெட்டுற கருவி) ஒரு தடவை ஓட்டுங்க. வெல்டிங் சூட்டில் ஓட்டை லேசா முட்டை வடிவம் ஆகியிருக்கும், சிதறின துணுக்கும் மரையில் ஒட்டியிருக்கும். சென்சார் மாட்டியிருக்கிற பைப்பில் வெல்டிங் வைக்கவே கூடாது.

புது சென்சார்னா மரையில் ஆன்டி-சீஸ் (மரை இறுகி ஒட்டிக்காம இருக்கப் பூசுற பசை) பெரும்பாலும் தடவியே வரும், மேல இன்னொரு பூச்சு வேண்டாம். பழையதுன்னா சிலிக்கான் இல்லாத, எக்ஸாஸ்ட் சூடு தாங்குற ஆன்டி-சீஸ் மரைக்கு மட்டும் மெல்லிசா தடவுங்க, முனையில் பட்டா சென்சார் போச்சு. ஃபிளேஞ்சில் சிலிக்கான் சீலன்ட் போடுற பழக்கம் இருந்தா விட்டுடுங்க, அதோட ஆவியே சென்சாரைக் கெடுக்கும். முதலில் கையாலேயே கடைசி வரை திருகணும், அப்புறம் 40 முதல் 60 நியூட்டன் மீட்டர். கார் மேனுவலில் வேற எண் இருந்தா அதுதான் கணக்கு.

தரையில் விழுந்த சென்சாரை, பார்க்க நல்லா இருந்தாலும், திரும்பப் போடாதீங்க.

ஐந்து_வயர்:
வயரை வெட்டாதீர்கள். பல சென்சார்கள் ஒப்பீட்டுக்கான வெளிக்காற்றை வயரின் இழைகளுக்கு நடுவே உள்ள இடைவெளி வழியாகத்தான் இழுக்கின்றன. சால்டர் வைத்தால் அந்த வழி அடைபடும். எல்.எஸ்.யூ 4.9-இல் கனெக்டருக்குள்ளேயே அந்த சென்சாருக்கென்று சரிசெய்த ரெசிஸ்டர் இருக்கிறது. கனெக்டரை மாற்றினால் அளவும் தப்பாகும். இருபுறமும் பொருத்தமான கனெக்டர் உள்ள நீட்டிப்பு ஹார்னெஸ் வாங்கி, வண்டிப் பக்கத்து கனெக்டருக்கும் சென்சார் கனெக்டருக்கும் நடுவே மாட்டுங்கள். கனெக்டருக்குள் கிரீஸோ கான்டாக்ட் ஸ்ப்ரேயோ கூடாது. இன்ஜின் அசைவதற்குக் கொஞ்சம் தளர்வு விட்டு, பைப்பைத் தொடாமல் கிளிப் போடுங்கள்.

சொல்லாமல் விட்ட ஒன்று: முன்னும் பின்னும் மாறிவிடக்கூடாது. முன் சென்சார் வைடுபேண்டாக இருந்தால் பெரும்பாலும் ஐந்து வயர், பின்னது பெரும்பாலும் நான்கு வயர் நேரோபேண்ட் (பெட்ரோல் அதிகமா குறைவா என்று மட்டும் காட்டும் வகை). இரண்டும் நேரோபேண்ட் என்றால் கனெக்டர் நிறத்தையும் பார்ட் எண்ணையும் பார்த்துக் குறித்து வையுங்கள். பின் சென்சார் கேட்டுக்குப் பின்னால்தான் இருக்க வேண்டும். பி0420 (கேட் சரியாக வேலை செய்யவில்லை என்ற எரர் கோட்) வராமலிருக்க, சென்சாரை வெளியே தள்ளி நிறுத்தும் ஸ்பேசர் போடச் சொல்பவர்கள் உண்டு. வேலை செய்யும் கேட்டுக்கு அது தேவையில்லை, பல நாடுகளில் சட்டவிரோதமும்கூட. முன் சென்சாருக்கு ஸ்பேசர் போட்டால் முனை வாயு ஓட்டத்துக்குள் எட்டாமல் மந்தமாகிவிடும்.

டவுன்பைப்76:
எல்லாம் சொன்னபடி மாட்டியாச்சு. எரர் கோட் இல்லை. ஆனா ஐடிலில் ஃப்யூயல் ட்ரிம் (இ.சி.யூ பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கிற சதவீதம்) +18, 2500 ஆர்.பி.எம்.மில் +4. முன் சென்சாரை மாத்தணுமா?

லாம்டா_ஒன்று:
சென்சாரில் கை வைக்காதீர்கள். ஐடிலில் அதிகம், வேகம் கூடினால் குறைவு என்பது காற்று உள்ளே புகுவதன் அடையாளம். எக்ஸாஸ்டில் அழுத்தம் துடிப்பு துடிப்பாகத்தான் வரும். இரண்டு துடிப்புக்கு நடுவே முன் சென்சாருக்கு முன்னால், டர்போ பக்கம் உள்ள கசிவு வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். சென்சார் அதை லீன் (பெட்ரோல் குறைவு) என்று படிக்கும், இ.சி.யூ பெட்ரோலைக் கூட்டும். நிஜத்தில் இன்ஜின் ரிச்சாக (பெட்ரோல் அதிகமாக) ஓடிக்கொண்டிருக்கும். இன்டேக் வேக்யூம் லீக்கும் (காற்று உள்ளே போகும் பக்கத்துக் கசிவு) இதே மாதிரிதான் காட்டும், ஆனால் நீங்கள் பிரித்தது எக்ஸாஸ்ட். அதனால் டர்போ ஃபிளேஞ்ச் கேஸ்கெட் அல்லது வி-பேண்ட் கிளாம்ப்தான் (இரண்டு பைப்பைச் சேர்த்துப் பிடிக்கும் வளையம்) முதல் சந்தேகம்.

இன்ஜின் ஆறியதும் வேக்யூம் கிளீனரின் ஊதும் பக்கத்தை டெயில்பைப்பில் செருகி, இடைவெளியைத் துணியால் சுற்றி அடைத்து, ஃபிளேஞ்ச், கிளாம்ப், அடைத்த பிளக், சென்சார் மரை எல்லாவற்றிலும் சோப்புத் தண்ணீர் தெளியுங்கள். நுரை வரும் இடத்தைச் சரிசெய்து, பழைய ட்ரிம்மை ஸ்கேனரில் அழித்துவிட்டு, இன்ஜின் முழுசாகச் சூடான பிறகு மறுபடி பாருங்கள். ±5-க்குள் நின்றால் சரி.

மரைக்காரர்:
வி-பேண்டா இருந்தா கிளாம்ப் நட்டை மட்டும் இறுக்கினா உட்காராது. இறுக்கிக்கிட்டே வளையத்தைச் சுத்திலும் பிளாஸ்டிக் சுத்தியலால் தட்டணும், திரும்ப இறுக்கணும். ஒரு தடவை சூடாகி ஆறினதும் இன்னொரு தரம் பாருங்க.