அராஃபத் இருக்கிறாரா இல்லையா என்று தெரியாத அந்த இரண்டு வாரம்: உங்கள் அனுபவங்களையும் எழுதுங்கள்

2004-ல் நான் ஜோர்டானில் இருந்தேன். அம்மான் பக்கத்தில் சஹாப் தொழிற்பேட்டையில் ஒரு கார்மெண்ட்ஸ் கம்பெனி. திருப்பூரில் பழகிய அதே செக்கிங் வேலை. டெய்லர்களில் இலங்கைப் பெண்கள் நிறைய, நம் ஊர்க்காரர்களும் கொஞ்சம் பேர். கட்டிங் மாஸ்டர் பாலஸ்தீனர், ஐம்பது வயதைத் தாண்டியவர்.

அவர் வீடு அம்மானில் வஹ்தாத் முகாமில். முகாம் என்றதும் கூடாரம் இருக்கும் என்று நினைத்துப் போனேன். 1955-ல் அமைத்தது, கான்கிரீட் வீடுகளும் சந்தையும் பெயர்பெற்ற கால்பந்து கிளப்புமாக ஊராகவே வளர்ந்துவிட்டது. மாஸ்டரின் பெற்றோர் 1948 ஜூலையில் லித் ஊரிலிருந்து இஸ்ரேல் படையால் விரட்டப்பட்டு வந்தவர்கள். இன்று டெல் அவிவ் போகிறவர்கள் இறங்கும் விமான நிலையம் அந்த ஊரை ஒட்டித்தான் இருக்கிறது. எங்கள் சரக்கு அமெரிக்காவுக்கு வரியில்லாமல் போக வேண்டுமென்றால் அதில் இஸ்ரேல் பொருள் ஒரு பங்கு இருந்தாக வேண்டும் என்பது அப்போதைய விதி. ஜிப், அட்டைப்பெட்டி என்று அங்கிருந்து வரும். அந்தப் பெட்டிகளைத் தாண்டித்தான் அவர் தினமும் கட்டிங் டேபிளுக்குப் போவார். அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை.

அக்டோபர் 29 வெள்ளிக்கிழமை, ரமலான் மாதம். நோன்பு திறக்க வீட்டுக்குக் கூப்பிட்டிருந்தார். அன்று காலையில்தான் பாலஸ்தீனத் தலைவர் அராஃபத்தை மேற்குக் கரையில் உள்ள ராமல்லாவிலிருந்து ஜோர்டான் ஹெலிகாப்டரில் அம்மானுக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து பிரெஞ்சு விமானத்தில் பாரிஸுக்கு அனுப்பியிருந்தார்கள். மூன்று வருஷமாக, முகாத்தா என்ற தன் தலைமை அலுவலக வளாகத்துக்குள் அடைபட்டுக் கிடந்த மனிதர். டிவியில் அதே காட்சி திரும்பத் திரும்ப வந்தது. தலையில் கட்டம் போட்ட கஃபியா இல்லை, குளிருக்குப் போடும் தொப்பி. கையை உதட்டில் வைத்து முத்தம் கொடுத்துக்கொண்டே ஏறினார். மாஸ்டரின் அம்மா, "கஃபியா இல்லாமல் இவரை நான் பார்த்ததே இல்லை" என்று சொல்லிவிட்டு, கையில் எடுத்த பேரீச்சம்பழத்தை அப்படியே தட்டில் வைத்துவிட்டார். அந்த வீட்டில் அவரை அராஃபத் என்று யாரும் சொல்வதில்லை. அபு அம்மார், இல்லையென்றால் கித்யார். கிழவர் என்று அர்த்தம், நம் வீட்டில் பெரியவரைச் சொல்வது போல.

அப்புறம் வந்த நாட்கள்தான் கொடுமை. கோமா என்றார்கள், இல்லை என்றார்கள். நவம்பர் 4 அன்று லக்சம்பர்க் பிரதமர் அவர் இறந்துவிட்டார் என்றே சொல்ல, ஆஸ்பத்திரி மறுத்தது. 8-ம் தேதி அவர் மனைவி சுஹா, அல் ஜசீராவுக்குப் போன் செய்து, அபு அம்மாரை உயிரோடு புதைக்கப் பார்க்கிறார்கள் என்று கத்தினார். அவருக்கு அடுத்த நிலையில் இருந்த மஹ்மூத் அப்பாஸும் பிரதமர் அகமது குரேயும் பாரிஸுக்குக் கிளம்பிய நேரம் அது. மறுநாள் கட்டிங் பிரிவில் யாரும் யாரோடும் பேசவில்லை.

"அடுத்தது யார்?" என்று மாஸ்டரிடம் கேட்டேன். உலகமே அதைத்தானே கேட்டுக்கொண்டிருந்தது. பி.எல்.ஓ. என்ற பாலஸ்தீன விடுதலை இயக்கத்தின் தலைவர், மேற்குக் கரை, காசா நிர்வாகத்துக்கென்று அமைந்த பாலஸ்தீன அதிகாரசபையின் தலைவர், தன் கட்சியான ஃபதாவின் தலைவர், மூன்றும் அராஃபத் ஒருவரே. வாரிசு என்று யாரையும் காட்டவில்லை. இளைஞர்கள் நம்பிய மர்வான் பர்கூதி ஐந்து ஆயுள் தண்டனையோடு இஸ்ரேல் சிறையில். மாஸ்டர் துணியிலிருந்து கையை எடுக்காமல் சொன்னார்: "யார் வந்தாலும் ராமல்லாவுக்கு ஒரு ஆள் வருவார். எங்களுக்கு யார்?"

முதலில் எனக்குப் புரியவில்லை. ஜோர்டானில் மட்டும் அப்போது பதிவான பாலஸ்தீன அகதிகள் 17 லட்சத்துக்கும் மேல். அவருக்கு ஜோர்டான் பாஸ்போர்ட் உண்டு, ஜோர்டான் தேர்தலில் ஓட்டும் உண்டு. ஆனால் ராமல்லா தலைவரைத் தேர்ந்தெடுக்க ஓட்டு இல்லை. அந்த ஓட்டு மேற்குக் கரை, காசா, கிழக்கு ஜெருசலேம் ஆட்களுக்குத்தான். முகாமில் இருப்பவர்களுக்கும் சேர்த்துப் பேச பி.எல்.ஓ.தான் உண்டு, அந்த பி.எல்.ஓ. என்றால் அவர்களுக்குக் கித்யார்தான். இஸ்ரேலோடு செய்த ஓஸ்லோ ஒப்பந்தத்துக்காக அவரை வாயாரத் திட்டுகிறவர்கள்கூட அந்த வாரம் அழுததற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

நவம்பர் 11 விடிகாலையில் போய்விட்டார். அன்றைக்கே மூன்று நாற்காலிக்கும் மூன்று பேர்: பி.எல்.ஓ.வுக்கு அப்பாஸ், ஃபதாவுக்குத் துனிஸில் இருந்த ஃபாரூக் கத்தூமி, அதிகாரசபைக்குத் தற்காலிகமாகச் சட்டமன்றத் தலைவர் ரவ்ஹி ஃபத்தூஹ். 60 நாளுக்குள் தேர்தல் என்று அதிகாரசபையின் அடிப்படைச் சட்டத்தில் இருந்தது. 59-ம் நாளான ஜனவரி 9 அன்று அதை நடத்தியும் காட்டினார்கள். எல்லாம் உடைந்து சிதறும் என்று எழுதியவர்கள் அதைக் கவனித்திருக்க வேண்டும். அப்பாஸ் 62 சதவீத ஓட்டில் ஜெயித்தார். மாஸ்டர் வீட்டில் அன்று எல்லோரும் டிவியில்தான் தேர்தலைப் பார்த்தார்கள்.

இப்படி யாரோடாவது பழகியவர்கள், அந்த நாட்களில் பக்கத்தில் இருந்தவர்கள் எழுதுங்கள்.

பதில் (பாரிஸிலிருந்து)

வணக்கம் அண்ணா. நான் யாழ்ப்பாணம், அப்போது பாரிஸ் வந்து நான்கு வருடம். கிளாமாரில் ஒரு அலுவலகத்தில் இரவு துப்புரவு வேலை. அவரை வைத்திருந்த பெர்சி இராணுவ ஆஸ்பத்திரி அங்கேதான். வேலை முடிந்து வரும்போது வாசலில் சனம் நிற்கும். மதிலோரம் மெழுகுதிரி, கொடி, படங்கள். எதிரே டிவிக்காரரின் வாகனங்கள்.

ஒரு நாள் நானும் நின்றேன். ஒரு ஜெனரல் வெளியே வந்து இரண்டு வரி வாசித்துவிட்டு உள்ளே போனார். நோய் என்னவென்று சொல்லவில்லை. நோயாளியின் விபரத்தைக் குடும்பத்துக்குத்தான் சொல்லலாம் என்பது இங்கத்தைய சட்டம், அதனால் எல்லாம் மனைவியின் கையில். ஒரு மக்களின் தலைவர் என்றாலும் சட்டத்துக்கு அவர் ஒரு நோயாளி, அவ்வளவுதான். பக்கத்தில் நின்ற வயதான அரபுக்காரர் எந்த நாடு என்று கேட்டார். இலங்கைத் தமிழன் என்றேன். எரிந்துகொண்டிருந்த திரியை என் கையில் தந்துவிட்டு, தனக்கு வேறொன்று பற்றவைத்தார். நாங்கள் அதற்குமேல் கதைக்கவில்லை.

பதில் (தூத்துக்குடியிலிருந்து)

2018-ல் புனிதப் பயணம் போனபோது பெத்லகேம் முடித்துவிட்டு, ஒரு நாள் ராமல்லா போய் அவர் கல்லறையைப் பார்த்தோம். முகாத்தா வளாகத்துக்குள்ளேயே இருக்கிறது. வெளிர் நிறக் கல்லில் சதுரமான கட்டடம், மூன்று பக்கம் தண்ணீர். ஜெருசலேமில் அடக்கம் செய்ய இஸ்ரேல் விடவில்லை, அதனால் அங்குள்ள அல் அக்ஸா மசூதியிலிருந்து மண் கொண்டுவந்து போட்டார்கள், ஒருநாள் அங்கே எடுத்துப் போவோம் என்றுதான் கற்பெட்டியில் வைத்தார்கள் என்று கூட வந்தவர் சொன்னார். பிறகு 2012-ல் விஷம் வைத்தார்களா என்று பார்க்கத் தோண்டினார்கள். சுவிஸ் நிபுணர்கள் ஒன்று சொல்ல, பிரான்ஸும் ரஷ்யாவும் வேறு சொல்லிவிட்டன.

மீண்டும் நான்

எழுதிய இருவருக்கும் நன்றி. மாஸ்டரோடு இன்றும் தொடர்பு இருக்கிறது. அவருடைய அம்மா இப்போது இல்லை. 2005-ல் நான்கு வருஷத்துக்கு என்று வந்த அப்பாஸ்தான் இன்னமும் தலைவர், இடையில் தலைவர் தேர்தல் ஒன்றுகூட நடக்கவில்லை. 2024 நவம்பரில், தன் பதவி காலியானால் தற்காலிகமாக ரவ்ஹி ஃபத்தூஹ் இருப்பார் என்று அப்பாஸ் உத்தரவு போட்டார். அன்று ராத்திரியே மாஸ்டர் போன் செய்து, "அதே ஃபத்தூஹ், ஞாபகம் இருக்கிறதா?" என்றார். குரலில் அந்தப் பழைய பதற்றம் இருந்தது. அடுத்த வருஷம் அதை மாற்றி, துணைத் தலைவர் ஹுசைன் அல் ஷேக் என்று இன்னொரு உத்தரவு வந்தது. இந்த முறை அவர் கூப்பிடவில்லை. நான்தான் கூப்பிட்டேன். "கேள்விப்பட்டேன்" என்றார். அப்புறம் ரொம்ப நேரம் பேரனின் பள்ளிக்கூடக் கதையைப் பேசிக்கொண்டிருந்தார்.